பூட்டின் மேல் ஒரு சிவப்புக் கோடு

பிப்ரவரி 9

அன்புள்ள குருவிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாகத்தான் இருப்பீர்கள் என்று எடுத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

எதற்குக் காகிதம், எதற்கு அஞ்சல்தலை என்று கேட்பாய். திங்கட்கிழமையிலிருந்து என் கம்ப்யூட்டர் என்னைச் சந்தேகப்பட ஆரம்பித்திருக்கிறது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் நடுவில் ஒரு கட்டம் வந்து நிற்கிறது. 'இந்தத் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழை நம்ப முடியவில்லை. அனுமதித்துத் தொடரலாமா?' முகவரிக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டிப் பூட்டின் மேல் சிவப்பாக ஒரு கோடு. செய்தித்தாளுக்கும் அதே, மின்கட்டணத்துக்கும் அதே, என் மின்னஞ்சல் பெட்டிக்கும் அதே. நம்ப முடியவில்லை என்று அதுவே சொல்கிறது; அனுமதி என்று அதுவே கேட்கிறது. இப்படி ஒரு வேலைக்காரர் வாசலில் வந்து நின்றால் நான் கதவைத் திறப்பேனா?

கம்ப்யூட்டர் கடைக்காரரை வரவழைத்தேன். கடிகாரம் தவறாக இருந்தால் இப்படி வருமாம். தேதியைப் பார்த்தார், நேரத்தைப் பார்த்தார், இரண்டும் சரி. அதோடு அவருடைய ஞானம் தீர்ந்துவிட்டது.

"அம்மா, இது ஒண்ணும் இல்ல. அனுமதின்னு அழுத்திட்டுப் போய்க்கிட்டே இருங்க. எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்க."

"அதுல என்ன எழுதியிருக்குன்னு நீங்க படிச்சீங்களா?"

"அதையெல்லாம் யாரும்மா படிக்கிறாங்க?"

காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். படிக்காமல் எதற்கும் தலையாட்டும் வழக்கம் எனக்குக் கிடையாது. உன் அப்பா இருந்தபோதே கிடையாது.

ஊரார் கம்ப்யூட்டரை எல்லாம் காவல் காக்கிற உத்தியோகம் உனக்கு. எனவே உன்னைக் கேட்கிறேன். தொலைபேசியில் வேண்டாம். நீ "வலது பக்கம்மா, வலது பக்கம்" என்பாய், எனக்குக் குரல் உயரும், உனக்கும் உயரும், கடைசியில் இருவரும் வேறு எதற்கோ சண்டை போட்டிருப்போம். எழுத்தில் சொல். ஏன் வருகிறது, எப்படிப் போக்குவது.

நீ அனுப்பிய வளைகிற மேஜை விளக்கின் அடியில்தான் இதை எழுதுகிறேன். எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்று யாரிடமும் வாய் திறக்காத வாரத்தில் அது வந்து இறங்கியது. மாடிவீட்டு டீச்சரிடம் இன்றைக்கும் பெருமை அடித்துக்கொள்கிறேன். "என் பொண்ணுக்குச் சொல்லவே வேண்டாம் டீச்சர், அங்கேயிருந்தே தெரிஞ்சுடும்." குரோட்டன்ஸ் துளிர்த்துவிட்டது. இப்போதெல்லாம் நீ செடிகளை மறக்காமல் விசாரிக்கிறாய், அவற்றுக்கும் சந்தோஷம்.

அன்புடன்,
அம்மா


பிப்ரவரி 16

அன்புள்ள அம்மா,

உன் கடிதத்தைப் பார்த்ததும் முதலில் பயந்துபோனேன். நம் வீட்டில் உறையில் ஒட்டி வந்த செய்தி எதுவும் நல்ல செய்தியாக இருந்ததில்லையே. படித்த பிறகு சிரித்துவிட்டேன். வேலைக்காரர் உவமையை ஆபீசில் எல்லோரிடமும் சொன்னேன்.

அம்மா, இது நிஜமாகவே சின்ன விஷயம். சான்றிதழ் என்றால் ஒரு தளம் 'நான் இன்னார்தான்' என்று காட்டும் அடையாள அட்டை மாதிரி. அட்டைக்குக் காலாவதி உண்டு. எங்கோ ஏதோ ஒன்று காலாவதியாகி இருக்கிறது, அவ்வளவுதான். இந்த ஒரு தடவை மட்டும் கடைக்காரர் சொன்னபடி அனுமதி என்று அழுத்திவிடு. அதற்கப்புறம் உள்ளே வந்து நானே சரி செய்துவிடுகிறேன். நான் அங்கே வரக்கூட வேண்டாம், இங்கிருந்தே ஐந்து நிமிஷ வேலை. ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரைப் போட்டு வை. நீ ஒன்றும் செய்ய வேண்டாம், எதையும் தொட வேண்டாம், பார்த்துக்கொண்டு மட்டும் இரு.

அந்தக் கட்டத்துக்குள் இருக்கும் விவரங்களை எல்லாம் நோண்டாதே. குழப்பமாக இருக்கும். கண்ணுக்கும் நல்லதில்லை, ஒரு கண்ணுக்குத்தானே இப்போது ஆபரேஷன் ஆகியிருக்கிறது?

குரோட்டன்ஸுக்கு என் விசாரிப்பு. மாப்பிள்ளை உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
குருவி


பிப்ரவரி 25

குருவிக்கு,

ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரைப் போட்டு வைக்கவில்லை. நீ காத்திருந்திருப்பாய்.

நோண்டாதே என்று நீ எழுதியிருந்தாய். உன்னை எட்டு வயதிலிருந்து கேள்வி கேட்கச் சொல்லி வளர்த்தவள் நான். அந்த வார்த்தை உன் வாயிலிருந்து வந்ததுதான் எனக்கு முதல் உறுத்தல். காலாவதியானது செய்தித்தாளின் அட்டை என்றால் மின்வாரியத்தின் அட்டையும் அதே திங்கட்கிழமை ஏன் காலாவதியாக வேண்டும்? ஊரில் எல்லாரும் ஒரே நாளில் பிறந்தவர்களா?

ஆகவே நூலகத்துக்குப் போனேன். அங்கே இருக்கும் கம்ப்யூட்டரில் அதே செய்தித்தாளைத் திறந்தேன். கட்டம் வரவில்லை. பூட்டின் மேல் கோடு இல்லை. பூட்டை அழுத்தினால் விவரம் விரிகிறது. பள்ளிக்கூடத்துச் சான்றிதழ் மாதிரியேதான், யாருக்கு, யார் கொடுத்தது, எதுவரை செல்லும். 'வழங்கியவர்' என்ற இடத்தில் ஏதோ ஒரு பெரிய நிறுவனத்தின் பெயர். அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டேன். பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியவர், "வேலைக்கு விண்ணப்பம் போடறீங்களாம்மா?" என்றார். "ஆமாம், துப்பறியும் வேலை" என்றேன்.

வீட்டுக்கு வந்து அதே பக்கத்தைத் திறந்தேன். கட்டம் வந்தது. இந்தத் தடவை அனுமதியையும் அழுத்தவில்லை, மறுப்பையும் அழுத்தவில்லை. விவரத்தைத் திறந்தேன்.

வழங்கியவர்: குருவி.

ஆங்கில எழுத்தில்தான் இருந்தது. என் கண்ணை நான் நம்பவில்லை, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். மின்கட்டணப் பக்கம்: வழங்கியவர், குருவி. என் அஞ்சல் பெட்டி: குருவி. சான்றிதழ் தொடங்கிய நாள், உன் அப்பா போன பிறகு நீ வந்து என்னோடு தங்கியிருந்த வாரத்தில் ஒரு நாள். முடிந்த நாள், கட்டம் வர ஆரம்பித்த திங்கட்கிழமைக்கு முந்தின ஞாயிறு.

பிறகு யோசித்தேன். அந்த வாரம் நீ இந்த வீட்டில் என்ன செய்தாய்? அப்பாவின் சட்டைகளை மடித்துக் கட்டினாய். என்னைச் சாப்பிட வைத்தாய். நெட் வேகமாக வரும் என்று சொல்லி மேஜைக்கு அடியில் பச்சை விளக்கு எரிகிற கறுப்புப் பெட்டி ஒன்றை வைத்தாய். நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கீழே குனிந்து, அந்தப் பெட்டியிலிருந்து கம்பியைப் பிடுங்கி, சுவரிலிருந்து வருகிற கம்பியைக் கம்ப்யூட்டரில் நேராகச் சொருகினேன். கட்டம் போய்விட்டது. சிவப்புக் கோடு போய்விட்டது. வழங்கியவர், நூலகத்தில் குறித்துவந்த அதே பெரிய நிறுவனம்.

நெட் ஒன்றும் மெதுவாகிவிடவில்லை.

குருவி என்று உன்னைக் கூப்பிட்டவர்கள் உலகத்தில் இரண்டே பேர். அதில் ஒருவர் இல்லை. நானும் அந்தப் பெட்டியை வைக்கவில்லை. எனவே உன்னைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. அந்தப் பெட்டி என்ன செய்கிறது? வளைக்காமல் நெளிக்காமல் எழுது.

அம்மா


மார்ச் 4

அம்மா,

வளைக்காமல் எழுதுகிறேன். நீ எதைத் திறந்தாலும் அது முதலில் அந்தப் பெட்டிக்கு வரும். பெட்டி அதைப் பிரித்துப் படித்துவிட்டு, மறுபடி மூடி, தன் முத்திரையைக் குத்தி உனக்குக் கொடுக்கும். அந்த முத்திரையை நம்பச் சொல்லி உன் கம்ப்யூட்டருக்கு நான்தான் சொல்லி வைத்திருந்தேன். முத்திரை காலாவதியானதும் கம்ப்யூட்டர் உன்னிடம் முறையிட ஆரம்பித்துவிட்டது. பிரித்ததை எல்லாம் இங்கே என் திரையில் பார்க்கலாம். பார்த்தேன்.

எங்கள் ஆபீசில் கம்பெனிகளுக்குக் கொடுக்கிற பெட்டி அது. வைக்கும்போது 'வழங்குபவர் பெயர்' என்று கேட்டது. கம்பெனிகளுக்கு என்றால் ஏதாவது எண் போடுவோம். அன்றைக்கு நான் உன் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தேன், நீ சமையலறையிலிருந்து "குருவி, டீ ஆறுது" என்றாய். கை தானாக அடித்துவிட்டது. காலாவதி நாளையும் மறந்துவிட்டேன். இரண்டு தப்பையும் என் கீழே வேலை பார்க்கிற யாராவது செய்திருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

ஏன் வைத்தேன் என்று கேட்பாய். நான் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது நீ கதவில் சாய்ந்துகொண்டு சொன்னாய்: "எனக்கு ஏதாவது ஆனா பால் பாக்கெட் ரெண்டு மூணு சேர்ந்த பிறகுதான் ஊருக்கே தெரியும், உனக்கு அதுக்கப்புறம்." சொல்லிவிட்டு நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ தினம் காலையில் செய்தித்தாளைத் திறக்கிறாயா என்று மட்டும் பார்க்க நினைத்தேன். நீ திறந்ததும் இங்கே ஒரு வரி வரும். அதைப் பார்த்த பிறகுதான் குளிக்கப் போவேன்.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. கண்ணில் புரை என்று நீ தேடிப் படித்ததைப் பார்த்துத்தான் விளக்கு வாங்கினேன். டிசம்பரில் கண் ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரிக்கு நீ தனியாகப் போக ஏற்பாடு செய்ததைப் பார்த்து, அவர்களைக் கூப்பிட்டு, துணையில்லாமல் சேர்க்கக்கூடாது என்று சண்டை போட்டேன். அன்று உனக்குத் துணையாக இருந்த நர்ஸ் நான் ஏற்பாடு செய்தவள்.

உன் விடுதிக் காலத்துப் பக்கத்துக் கட்டில் தோழிக்கு நீ எழுதிய மின்னஞ்சல்களையும் படித்தேன். 'என் பெண் பேசினால் ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது, என் செடி செத்ததா பிழைத்ததா என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டாள்' என்று எழுதியிருந்தாய்.  அதற்கப்புறம்தான் செடிகளைக் கேட்க ஆரம்பித்தேன்.

தப்புதான் அம்மா. ஆனால் நல்லதுக்கு என்று நினைத்துத்தான். நான் எங்கே, நீ எங்கே. ஒரு பெண் வேறு என்ன செய்வாள், சொல்.

குருவி


மார்ச் 11

மகளுக்கு,

வேறு என்ன செய்வாள் என்று கேட்டிருக்கிறாய். கேட்டிருப்பாள். "அம்மா, எனக்குப் பயமா இருக்கு, தினமும் காலையில எனக்கு ஒரு வரி போடு" என்று கேட்டிருப்பாள். நான் முணுமுணுத்துக்கொண்டே போட்டிருப்பேன்.

நான் படித்த கான்வென்ட் விடுதியில் எங்கள் கடிதங்களை மூடாமல் கொடுக்க வேண்டும். மதர் படித்துவிட்டுத்தான் ஒட்டுவார். வீட்டிலிருந்து வருகிற கடிதமும் ஓரம் கத்தரித்து, மூலையில் நீலப் பென்சில் குறியோடுதான் கைக்கு வரும். அவரும் எங்கள் நல்லதுக்கு என்றுதான் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. காய்ச்சல் என்றால் இரவெல்லாம் உட்கார்ந்திருப்பார். ஆனாலும் என் அம்மாவுக்கு நான் ஒரு உண்மைக் கடிதம் எழுதியதில்லை. சாப்பாடு நன்றாக இருக்கிறது, ஜெபம் நன்றாக இருக்கிறது, மழை பெய்தது. என் அம்மா அதை நம்பினாள். நான் அங்கே சந்தோஷமாக இருந்தேன் என்று கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தாள். மதருக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவர் குறி போட்டார். படித்திருக்கிறேன் என்று காட்டிவிட்டுத்தான் கொடுத்தார். நீ குறிகூடப் போடவில்லை.

சென்ற வருடம் ஒரு நாள் நீ போனில் அழுது, "என்னோட வந்துடும்மா, அங்கெல்லாம் போகாதே" என்றாய். எங்கே போகாதே என்று புரியாமல் முழித்தேன். இப்போது புரிகிறது. முதியோர் இல்லங்களை நான் தேடிப் பார்த்தது மாடிவீட்டு டீச்சரின் அண்ணனுக்காக. இவ்வளவு படித்தும் உனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

எல்லாவற்றையும்விட எதைப் பறித்துவிட்டாய் தெரியுமா? அந்த விளக்கை. ஜெபமாலையோடு வளர்ந்தும் அற்புதங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. இந்த ஒன்றை மட்டும் நம்பினேன். சொல்லாமலே என் பெண்ணுக்குத் தெரிகிறது என்று. டீச்சரிடம் நான் இனி என்ன சொல்வது?

பெட்டியை அணைத்துவிட்டேன். ஆனால் உன் முத்திரை இன்னும் இந்தக் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. அதை எப்படி எடுப்பது என்று படிப்படியாக எழுதி அனுப்பு. நான் என் கையால் எடுக்கப் போகிறேன். நீ அங்கிருந்து தொடாதே. ஐந்து நிமிஷ வேலை என்று மறுபடி எழுதாதே.

அம்மா


மார்ச் 18

அம்மா,

தனித் தாளில் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு படியிலும் திரையில் என்ன தெரியும் என்பதையும் எழுதியிருக்கிறேன். தெரிவது நான் எழுதியதோடு ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே நிறுத்திவிட்டுக் கேள். என் திரையில் உன் வீட்டுக்கு இருந்த பக்கத்தை அழித்துவிட்டேன். அழித்தேன் என்பதற்கு என் வார்த்தை மட்டும்தான் இருக்கிறது. அது இப்போது செல்லுபடியாகுமா என்று தெரியவில்லை.

காலையில் சீக்கிரமே விழிப்பு வந்துவிடுகிறது. பழக்கதோஷத்தில் திரையைப் பார்க்கிறேன். ஒன்றும் இல்லை.

உன் வீட்டுச் சாவி என்னிடம் ஒன்று இருந்தது. அதையும் இந்த உறையில் வைத்திருக்கிறேன். வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

குருவி


ஏப்ரல் 2

அன்புள்ள குருவிக்கு,

கம்ப்யூட்டர் சரியாகிவிட்டது. எப்படி என்று எழுதுகிறேன்; நீ எழுதிய படிகளில் ஒரு இடத்தில் 'கீழே' என்பதற்கு 'மேலே' என்று எழுதியிருந்தாய், அதைத் திருத்திக்கொண்டேன்.

நீ சொன்ன பட்டியல் திறந்தது. 'நம்பத்தகுந்த வழங்குநர்கள்' என்று தலைப்பு. வாயில் நுழையாத பெரிய பெரிய நிறுவனங்களின் பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. நடுவில், பெரியவர்களின் கல்யாணக் கூட்டத்தில் புகுந்துவிட்ட குழந்தை மாதிரி, குருவி. அழுத்தினேன். நீக்கு என்றேன். உடனே ஒரு கட்டம் எழும்பியது. இதை நீக்கினால் சில காரியங்கள் நடக்காமல் போகலாம், நிச்சயம்தானா என்றது.

கை அப்படியே நின்றுவிட்டது. ஒரு கட்டம் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல இவ்வளவு நேரம் நான் எடுத்துக்கொண்டதில்லை. சில காரியங்கள் நடக்காமல் போகலாம் என்பது உண்மைதானே. சொல்லாமல் விளக்கு வராது. பிறகு, நிச்சயம் என்று அழுத்தினேன். நீக்கியது அந்தப் பட்டியலிலிருந்துதான் என்று உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

இப்போது செய்தித்தாள் திறக்கிறது. பூட்டின் மேல் கோடு இல்லை. கடைக்காரர் வழியில் பார்த்து, "சரியாயிடுச்சாம்மா? அனுமதி குடுத்தீங்கல்ல?" என்றார். "இல்லை, எடுத்தேன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

இனிமேல் இப்படித்தான். காலையில் காபி குடித்துவிட்டு உனக்கு ஒரு வரி அனுப்புகிறேன். எழுந்துவிட்டேன் என்று மட்டும். அதற்கு நீ பதில் எழுத வேண்டாம், குளிக்கப் போ. வராத அன்று நீ பதறலாம், டீச்சரைக் கூப்பிடலாம், கதவை உடைக்கச் சொல்லலாம். அதற்கு என் சம்மதம் இதோ எழுத்தில். உன்னைப் பற்றிக் குறை இருந்தால் பக்கத்துக் கட்டில்காரிக்கு எழுதாமல் உனக்கே சொல்கிறேன். இதோ முதலாவது: நீ இப்போதும் ஆபீஸ் மீட்டிங் மாதிரிதான் பேசுகிறாய். செடிகளை விசாரிப்பதை நிறுத்திவிடாதே. ஏன் ஆரம்பித்தாய் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்காகச் செடிகள் என்ன பாவம் செய்தன?

இதுவரை நீ எங்கிருந்தும் தெரிந்துகொள்ள முடியாத ஒன்றைச் சொல்கிறேன். போனிலும் சொல்லவில்லை, கம்ப்யூட்டரிலும் தேடவில்லை, நேரில் போய்ப் பேசிவிட்டு வந்தேன். அடுத்த கண்ணுக்கு மே மாதம் நாள் குறித்திருக்கிறார்கள். துணைக்கு யார் என்று கேட்டாள் ஆஸ்பத்திரியில் பதிவு செய்கிற பெண். நர்ஸ் வேண்டாம், என் மகள் வருவாள் என்று சொல்லி உன் பெயரைக் கொடுத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் கொடுத்த பெயரை. வர முடியாது என்றால் உடனே எழுது, டீச்சரைக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் உன்னைத்தான் கேட்கிறேன்.

கறுப்புப் பெட்டியைக் கம்பி சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன். வரும்போது எடுத்துப் போ.

சாவியை இந்த உறையிலேயே திருப்பி அனுப்புகிறேன். நான் அதைக் கேட்கவில்லை. உன்னிடமே இருக்கட்டும். ஆனால் வருகிற அன்று அதைப் போட்டுத் திறந்துகொண்டு வராதே. தட்டு. யாரது என்று உள்ளிருந்து கேட்பேன். நீ பேரைச் சொல். நான் வந்து திறக்கிறேன்.

அன்புடன்,
அம்மா